மலை புரண்டு படுக்குமா?

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, கல்லூரி நாட்களின் இனிய நினைவுகளையே எழுத எண்ணினேன். ஆயின், இருபது ஆண்டுகளாகத் தமிழ் கற்பித்துவரும் ஒருவன் தன் தொழிலில் நேர்ந்த பிழையொன்றைத் தன்னை ஆளாக்கிய கல்லூரியின்முன் ஒப்புக்கொள்ளுதலும் தகும் எனப் பின்னர்த் தோன்றிற்று. அப்பிழையை எனக்கு உணர்த்தியது ஒரு நாவல். அந்நாவலைப் பற்றி எங்கள் ஊர் வாசகர் சிலர் நிகழ்த்திய வாதமும் அதற்குத் துணையாயிற்று.

நாவலின் பெயர் விஷ்ணுபுரம். குமரி மாவட்டத்தவரான ஜெயமோகன் எழுதியது; 1997 இல் வெளிவந்தது. பதுளையில் எம்மிற் பலர் அப்பெயரை முதன்முதற் கேட்டது 2013 இலேயாகும். ஊவாவின் மைந்தரும், தெளிவத்தைத் தோட்டத்தின் பெயரையே தம் பெயரோடு சேர்த்துக்கொண்டவருமான எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அவர்களுக்கு அவ்வாண்டு விஷ்ணுபுரம் விருது வழங்கப்பட்டது. அப்பெருமகனார் 2022 இல் மறைந்தார். லயத்து வாழ்வை உள்ளது உள்ளவாறே எழுதிய ஒருவருக்கு, மாயமும் புராணமும் நிறைந்த ஒரு நாவலின் பெயரால் விருதா என்னும் வியப்பே எங்களுட் சிலரை அந்நூலைத் தேடச் செய்தது. கிடைத்தது ஒரே பிரதி. அது பலர் கைமாறி, உறை கிழிந்து, என்னிடம் வந்து சேர இரண்டு ஆண்டுகள் சென்றன.

ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என மூன்று பகுதிகள் கொண்டது அந்நாவல். ஒரு பேராலயமும் அதனைச் சூழ்ந்த நகரும் கதைக்களம். ஆலயத்தின் உள்ளே பிரமாண்டமான திருமால் படுத்திருக்கிறார். யுகத்திற்கு ஒருமுறை அவர் புரண்டு படுப்பார் என்பது ஐதிகம். மலைவாழ் மக்களோ அச்சிலையைத் தம் மூதாதையாகிய பெருமூப்பன் என்கின்றனர். புராணம், வரலாறு, காவியம், நாட்டார் கதை, தத்துவ வாதம், அங்கதம் ஆகிய யாவும் ஒன்றோடொன்று கலந்து வருகின்றன. முடிவில் வெள்ளம் வந்து நகரை அழிக்கிறது.

இந்நூலைப் படித்தவர்கள் போயா தினங்களில் நண்பர் ஒருவரின் வீட்டு விறாந்தையிற் கூடுவோம். கருத்தொருமை ஒருநாளும் ஏற்பட்டதில்லை. ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், "புராணம் வேண்டுமாயின் கந்தபுராணம் இருக்கிறது, நாவல் வேண்டுமாயின் நடந்ததை எழுதவேண்டும். இரண்டையும் கலந்தால் இரண்டும் கெடும்" என்றார். கோயில் தர்மகர்த்தா ஒருவர், இறைவனை மலைவாசிகளின் மூப்பன் என்று சொன்னதையும் பண்டிதர்களை எள்ளி நகையாடியதையும் பொறுக்கமாட்டாது, நூறு பக்கங்களோடு நூலை மூடிவிட்டார். இளம் ஆசிரியை ஒருவர், ஞானசபை வாதங்களைப் படிக்கையில் தர்க்கம் கற்பதுபோல் மகிழ்ந்ததாகவும், ஆனால் அழுகின்ற மனிதர் எவரும் நெஞ்சில் நிற்கவில்லை என்றும் சொன்னார்.

மிகக் கடுமையாகப் பேசியவர் தொழிற்சங்கத்தில் நெடுநாள் உழைத்த ஒரு பெரியவர். "சேர், நம்முடைய சனங்களுக்குக் கொழுந்து நிறுக்கிற தராசிலேயே போதிய மாயம் இருக்கிறது. கதையிலும் மாயம் எதற்கு? ஜோசப் எழுதியதுபோல எழுதினாற் போதாதா?" என்றார். நானும் அன்று அவர் பக்கமே இருந்தேன். பயிற்சிக் கலாசாலையிற் கற்ற நாள் முதலாக, தெளிவும் மெய்ம்மையுமே நல்ல உரைநடையின் இலக்கணம் என்று நம்பி வந்தவன் நான்.

ஆயினும், அன்றிரவு வீடு திரும்பியபின் உறக்கம் வரவில்லை. சிலை புரண்டு படுக்கும் என்னும் ஐதிகம், பல ஆண்டுகளுக்கு முன் நான் திருத்திய ஒரு கொப்பியை நினைவிற்குக் கொணர்ந்தது.

அப்பொழுது நான் ஒரு தோட்டப் பாடசாலையிற் கற்பித்துக்கொண்டிருந்தேன். ஒன்பதாந் தர மாணவர்க்கு 'எங்கள் தோட்டம்' என்னும் தலைப்பிற் கட்டுரை எழுதப் பணித்தேன். ஏனையோர் தேயிலைச் செடியையும் கோயிற் றிருவிழாவையும் வருணிக்க, ஒரு மாணவன் மட்டும் வேறுவிதமாக எழுதியிருந்தான். தங்கள் லயத்திற்கு மேலுள்ள மலை மழைக்காலத்து இரவுகளிற் புரண்டு படுக்கும். அவ்வேளை காம்பராச் சுவர் வெடிக்கும். மறுநாட் பீலியிற் றண்ணீர் கலங்கி வரும். அப்பாயி தரையிற் காதை வைத்துக் கேட்டு, 'சாமி முழிச்சிருச்சு' என்று சொல்லி விளக்கேற்றுவாள். இவ்வளவுதான் கட்டுரை. நான் சிவப்பு மையினால் 'பொய்' என்று ஒரே சொல் எழுதி, இருபதுக்கு ஐந்து புள்ளி இட்டேன். அன்று அதனை ஒரு கடமையாகவே கருதினேன்.

2014 ஒக்டோபர் 29 ஆந் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. பாடசாலைக்குச் சென்றிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடமே இல்லை. புதையுண்டவர் பலரின் உடல்களும் கிடைக்கவில்லை. அதன்பின் பாடசாலைகளில் மண்சரிவு பற்றிய அறிவுறுத்தல்கள் நடைபெற்றன. சுவரிலும் நிலத்திலும் வெடிப்பு, மரங்கள் சாய்தல், புதிதாக ஊற்றுத் தோன்றுதல், நீர் திடீரெனக் கலங்குதல், நிலத்தினின்று எழும் அசாதாரண ஓசை என அறிகுறிகளை விளக்கினார்கள். நானும் மாணவருக்கு அவற்றை வாசித்துக் காட்டினேன். ஆயினும் அந்தக் கொப்பியை அப்பொழுது நினைக்கவில்லை. நாவலைப் படித்த பின்னரே இரண்டும் என் மனத்தில் இணைந்தன. அப்பாயியின் கதையில் அவ்வறிகுறிகளில் மூன்று இருந்தன! எழுத்தறியாத ஒரு முதியவள், தான் கண்டதைத் தனக்குத் தெரிந்த ஒரே மொழியாகிய சாமிக்கதையிற் சேமித்து வைத்திருந்தாள்.

அடுத்த கூட்டத்தில் இதனைச் சொன்னேன். சங்கத்துப் பெரியவர் நெடுநேரம் பேசாதிருந்தார். பின்னர், "மாஸ்டர், அப்பாயியை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால், சாமி புரண்டது என்று நீங்கள் எழுதிவிட்டால், முன்னரே எச்சரித்திருந்தும் அந்தச் சனங்களை ஏன் அங்கேயே இருக்கவிட்டார்கள் என்று யார் கேட்பது? சாமிமேல் வழக்குப் போடமுடியாதே!" என்றார்.

இவ்வினாவுக்கு விடை தேடியே நாவலை இரண்டாம் முறை படித்தேன். முதன்முறை நான் காணாத ஒன்று அப்போது தெரிந்தது. ஜெயமோகன் ஐதிகங்களை வெறுமனே பாடிச் செல்லவில்லை. ஒரு காலத்தில் மனிதர் செய்த செயல், அரசராலும் பண்டிதராலும் அடுத்த காலத்தில் அற்புதமாக மாற்றப்படுவதைப் படிப்படியாகக் காட்டுகிறார். மலைமக்களின் மூப்பன் எவ்வாறு பிறர் கைக்குச் சென்றான் என்பதையும் மறைக்கவில்லை. தர்மகர்த்தாவைச் சினங்கொள்ளச் செய்ததும் அதுவேயன்றோ!

கொலம்பிய நாட்டவரான காப்ரியேல் கார்சியா மார்க்கேசும் 1967 இல் வெளியான தம் பெரும் நாவலில் இவ்வழியே சென்றார். 1928 இல் அந்நாட்டு வாழைத்தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தபோது படையினர் சுட்டனர். நாவலில், அக்கொலைக்களத்திலிருந்து தப்பி வந்தவன் சொல்லுவதை எவரும் நம்புவதில்லை. அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்கின்றனர். பின்னர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் விடாமழை பெய்கிறது. மழை மாயந்தான், ஆனால் மறைக்கப்பட்ட கொலையை அம்மழை வாசகனை மறக்கவிடுவதில்லை. தோட்டத்திற் பிறந்த எவருக்கும் இதன் பொருளை விளக்கவேண்டியதில்லை.

ஆகவே, வியப்புக்கதை யாவும் பொய் என்று தள்ளுதலும் தவறு. யாவும் புனிதம் என்று வணங்குதலும் தவறு. அக்கதை நம்மைக் கேள்வி கேட்கச் செய்கிறதா, வாயடைக்கச் செய்கிறதா என்றே பார்த்தல் வேண்டும். பெரியவரும் நானும் இவ்வளவில் உடன்பட்டோம். விஞ்ஞான ஆசிரியர் இன்றுவரை உடன்படவில்லை.

சில ஆண்டுகளின் பின், பதுளை பஸ் நிலையத்தில் அந்த மாணவனைக் கண்டேன். கொழும்பில் ஒரு கடையில் வேலை செய்கிறான். கொப்பியை நினைவூட்டி, "தம்பி, அன்று நான் எழுதியது பிழை" என்றேன். அவன் சிரித்தான். "அப்பாயிக்கு வாசிச்சுக் காட்டலாமுன்னுதான் சேர் எழுதுனேன். நீங்க பொய்யின்னு போட்டிருந்தீங்க. அதனால வாசிக்கல" என்றான். அப்பாயி அதற்கு முன்பே காலமாகிவிட்டாள். அந்த லயத்தில் இன்னும் குடும்பங்கள் இருப்பதாகவும் சொன்னான். அதற்குள் அவனுடைய பஸ் புறப்பட்டுவிட்டது.

2025 நவம்பர் இறுதியில் டிட்வாப் புயலின்போது பதுளை மாவட்டத்தின் மலைகள் மீண்டும் பல இடங்களிற் சரிந்தன. அவ்விரவுகளில் அவனுடைய கட்டுரையைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

இப்பொழுதும் மாணவர் கொப்பிகளிற் பேயும் சாமியும் மலையும் வரத்தான் செய்கின்றன. நான் 'பொய்' என்று எழுதுவதில்லை. 'இதனை யார் சொன்னார்? எங்கே கண்டார்? மறுநாள் என்ன நடந்தது?' என மூன்று வினாக்களை ஓரத்தில் எழுதுகிறேன். வீட்டிற் பெரியவர்களைக் கேட்டு விடை எழுதி வருகிறார்கள். ஆசிரியத் தொழில் பூண்டுள்ள பழைய மாணவத் தோழர்களும் இம்மூன்று வினாக்களைத் தத்தம் வகுப்பிற் கேட்டுப் பார்ப்பார்களாக என்று வேண்டி, என் சிறு கட்டுரையை முடிக்கிறேன். கல்லூரித் தாய் நீடு வாழ்க!