மூன்று நாளில் பேப்பர் போட்டுத் தருகிறார்களாம்

கொஞ்சம் நீளமான பதிவு. வேலையெல்லாம் முடித்துவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

சில மாதங்களுக்கு முன் ஒரே வாரத்தில் இரண்டு பேர் எனக்கு ஒரே வாட்ஸ்அப் செய்தியை அனுப்பி வைத்தார்கள். ஒருத்தி என்னிடம் பன்னிரண்டாம் வகுப்பில் கணக்குப் படித்தவள், இப்போது வேதியியலில் பிஎச்.டி. செய்கிறாள். இன்னொருத்தி என் தங்கை மகள். ஒரு கல்லூரியில் தொகுப்பூதியத்தில் நூலகராக இருக்கிறாள், நூலகவியலில் பிஎச்.டி.க்குப் பதிந்திருக்கிறாள். இரண்டு பேருடைய படிப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. ஆனால் இரண்டு பேரையும் ஒரே பன்னாட்டு ஜர்னல் வருந்தி வருந்தி அழைத்திருக்கிறது. கட்டுரை அனுப்பினால் மூன்று நாளில் வெளியீடு, கட்டணம் 1,800 ரூபாய், சான்றிதழ் இலவசம், இன்றே கடைசி நாள். ஆடித் தள்ளுபடி நோட்டீஸ் தோற்றது போங்கள்.

ஜர்னலின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒன்றைச் சொன்னால் ஒன்பது முளைக்கும்.

ஓய்வு பெற்றவளுக்கு நேரத்துக்கு என்ன பஞ்சம்? அதன் ஓர் இதழைத் திறந்து பொருளடக்கம் முழுவதையும் படித்தேன். முதல் கட்டுரை கல்லூரி நூலகச் சேவைகள் பற்றி. அடுத்தது நானோ துகள்கள். அதற்கடுத்து சங்க இலக்கியத்தில் பெண்கள், பிறகு சோப்பு வாங்குவோர் மனநிலை, பிறகு ஒரு கணிதக் கட்டுரை. கணக்கு டீச்சர் ஆயிற்றே, அதை மட்டும் வரி விடாமல் படித்தேன். ஆறு பக்கத்தில் நான்கு பக்கம் பி.எஸ்சி. பாடப்புத்தகத்தில் வரும் தேற்றங்கள், எடுத்துக்காட்டுக் கணக்கு உட்பட. மீதி இரண்டு பக்கம் முன்னுரையும் நன்றியுரையும். கல்யாண வீட்டு மொய் நோட்டு மாதிரிதான். பணம் வைத்தால் பெயர் ஏறிவிடும்.

பல துறைகளை ஒரே ஜர்னலில் போடுவது தப்பு என்று நான் சொல்லவில்லை. பெங்களூரிலிருந்து 1932 முதல் வரும் ‘கரண்ட் சயன்ஸ்’ இதழில் செடியும் இருக்கும், பாறையும் இருக்கும், இயற்பியலும் இருக்கும். அச்சுக்குப் போகுமுன் அந்தந்தத் துறை தெரிந்தவர் ஒருவர் படித்துக் கேள்வி கேட்கிறாரா என்பதுதான் விஷயம்.

இந்த இடத்தில் ஒரு பழைய கதை. என் வகுப்பில் இருந்தவர்களுக்குப் பாதி தெரியும், மீதியை அப்போது சொல்லப் பாடவேளை போதவில்லை.

1907இல் வி. ராமசுவாமி அய்யர் என்ற அரசு அதிகாரி கணிதத்துக்காக ஒரு சங்கம் ஆரம்பித்தார். எதற்கு? வெளிநாட்டுக் கணித ஜர்னல்களையும் புத்தகங்களையும் தனி ஆளாக வாங்கக் கட்டுப்படியாகாது. நாலு பேர் சந்தா சேர்த்து வாங்கி, தபாலில் ஒருவர் மாற்றி ஒருவர் படிக்கலாம் என்றுதான். யோசித்துப் பாருங்கள், ஒரு நூலகச் சேவையாகப் பிறந்ததுதான் இந்தியக் கணிதக் கழகம். அது நடத்திய ஜர்னலில்தான் 1911இல் நம் கும்பகோணத்து ராமானுஜனின் முதல் ஆய்வுக் கட்டுரை வந்தது, பெர்னூலி எண்கள் பற்றி.

அந்தக் கட்டுரை எப்படி வந்தது என்பதைக் கேளுங்கள். ராமானுஜன் எழுதியது பலருக்கும் பிடிபடவில்லை. பல படிகளைத் தாண்டித் தாண்டிப் போவார், நிரூபணம் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. ஆசிரியராக இருந்த எம். டி. நாராயண அய்யங்கார் கட்டுரையைத் திருப்பி அனுப்பினார். திருத்தி வந்தது. மறுபடியும் திருப்பினார். இப்படிப் பல தடவை போய் வந்த பிறகுதான் அச்சேறியது. ராமானுஜனுக்கே இந்தக் கதி என்றால், நமக்கு மூன்று நாளில் எப்படி?

அதே ஆண்டு அதே ஜர்னலில் அவர் வாசகர்களுக்கு ஒரு கேள்வியும் போட்டார். ஒன்றைக் கூட்டி ஒரு வர்க்கமூலம், அதற்குள் இரண்டு மடங்காக இன்னொரு வர்க்கமூலம், அதற்குள் மூன்று மடங்காக மற்றொன்று, இப்படி முடிவே இல்லாமல் போனால் மதிப்பு என்ன? ஆறு மாதம் ஆகியும் ஒருவரும் விடை அனுப்பவில்லை. கடைசியில் அவரே எழுதினார். விடை வெறும் 3. (பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கடைசிப் பாடவேளையில் இதை எழுதிப் போட்டுவிட்டு வேடிக்கை பார்ப்பது என் வழக்கம். சிலருக்கு நினைவிருக்கும்.)

1913இல் சென்னைப் பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் உதவித்தொகை கொடுத்து அவரை ஆய்வு மாணவராகச் சேர்த்துக்கொண்டது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை அறிக்கை தர வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. பட்டம் இல்லாதவர் என்று பார்க்கவில்லை.

அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 1924இல் நூலகராக வந்தவர் சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன். அதற்குமுன் மாநிலக் கல்லூரியில் கணக்கு வாத்தியார். நூலகத்தில் சும்மா உட்கார்ந்திருக்க முடியவில்லை, திரும்பவும் பாடம் நடத்தப் போகிறேன் என்று சில நாளிலேயே கிளம்பிவிட்டார். முதலில் லண்டன் போய் நூலகப் பணியைப் படித்துவிட்டு வாரும், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்றார்கள். போனார். அங்கே ஒரு பெரிய கடையில் மெக்கானோ என்ற பொம்மையைப் பார்த்தார். அதே தகடுகளையும் திருகுகளையும் மாற்றி மாற்றிப் பூட்டினால் பாலமும் வரும், வண்டியும் வரும். நூல்களையும் இப்படிச் சின்னச் சின்னக் கூறுகளாகப் பிரித்துக் கோர்த்து வகைப்படுத்தினால் என்ன என்று அவருக்குத் தோன்றியது. 1933இல் வந்த கோலன் பகுப்புமுறை அதிலிருந்து முளைத்தது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு, 1931இல், நூலகத்துக்கான ஐந்து விதிகளை வெளியிட்டார். வாசகரின் நேரத்தை வீணாக்கக்கூடாது என்பது அவற்றில் ஒன்று. அது என் தங்கை மகள் கதையில் வரப்போகிறது.

வேதியியல்காரிக்கு நான் சொன்னது சுருக்கமானது. 2013இல் ‘சயன்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன் என்ற பத்திரிகையாளர் வேண்டுமென்றே பிழைகள் மலிந்த ஒரு போலிக் கட்டுரையைத் தயாரித்தார். லைக்கன் இனத்தில் கிடைத்த ஒரு பொருள் புற்றுநோய் செல்லைத் தடுக்கிறது என்று சும்மா ஒரு கதை. அதை 304 ஜர்னல்களுக்கு அனுப்பினார். 157 ஜர்னல்கள் ஏற்றுக்கொண்டன. இப்படிப்பட்ட ஜர்னல்களை முதலில் பட்டியல் போட்டு அம்பலப்படுத்தியவர் விஞ்ஞானி இல்லை, அமெரிக்காவில் டென்வரில் இருந்த ஜெஃப்ரி பீல் என்ற நூலகர். 2017 ஜனவரியில் அந்தப் பட்டியலை இணையத்திலிருந்து எடுத்துவிட்டார். நம் பல்கலைக்கழக மானியக் குழுவும் 2018இல் தன் பட்டியலிலிருந்து 4,305 ஜர்னல்களை ஒரே அடியாக நீக்கியது. பிஎச்.டி.க்குக் கட்டுரை கட்டாயம் என்ற விதியை 2022இல் குழு எடுத்துவிட்டது. ஆனாலும் பல இடங்களில் கேட்கத்தான் செய்கிறார்கள், கைடு விடுவதில்லை. அவள் புரிந்துகொண்டாள், பணம் கட்டவில்லை.

தங்கை மகள் விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை. அவள் அனுமதியோடுதான் எழுதுகிறேன், பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

அவள் ஆய்வு என்ன தெரியுமா? அவள் கல்லூரி நூலகத்தில் யார் புத்தகம் எடுக்கிறார்கள், யார் எடுப்பதில்லை என்பது. ஓர் ஆண்டுப் பதிவேட்டை உட்கார்ந்து எண்ணியிருக்கிறாள். நகரத்துப் பிள்ளைகள் மாதம் மூன்று நான்கு எடுக்கிறார்கள். கிராமத்திலிருந்து பஸ்ஸில் வரும் பெண்பிள்ளைகள் பக்கம் அநேகமாகக் காலி. படிக்கும் ஆர்வம் இல்லை என்று பேராசிரியர்கள் முடிவு கட்டிவிட்டார்கள். இவள் வாசலில் நின்று பார்த்தாள். புத்தகம் கொடுப்பது வகுப்பு முடிந்து நான்கு மணிக்கு. அவர்கள் ஊர் டவுன் பஸ் நாலு பத்துக்கு. அதை விட்டால் அடுத்தது ஆறரைக்கு. எந்தப் பெண் வரிசையில் நிற்பாள்?

எனக்குப் புல்லரித்துவிட்டது. பெரிய கருவி வேண்டாம், நிதி வேண்டாம், கண்ணும் ஒரு நோட்டும் போதும். இதை அந்த மொய் நோட்டில் கொண்டுபோய்ப் போடுவதா?

வேண்டாம் என்றேன். அவள் போனிலேயே அழுதாள். “பெரியம்மா, உங்களுக்கு மாசம் பிறந்தா பென்ஷன் வந்துடும். எனக்கு அடுத்த வருஷம் வேலையைப் புதுப்பிக்க ரெண்டு பேப்பர் காட்டணும். நல்ல ஜர்னல் ஆறு மாசம் இழுக்கும். நீங்க ஈஸியா சொல்லிடுறீங்க” என்றாள். இதற்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் இல்லை. தொகுப்பூதியத்தில் இருக்கும் ஒரு பெண்ணிடம் இரண்டு பேப்பர் கேட்டுவிட்டு, அதை எங்கே போட்டாள் என்று பார்க்காமல் எண்ணிக்கையை மட்டும் பார்க்கிற ஏற்பாட்டின் மேல்தான் எனக்குக் கோபம். 1,800 ரூபாய் கட்டுகிற பிள்ளையின் மேல் இல்லை. ஏற்கெனவே கட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால் மனம் நோக வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். ஒழுங்காகப் படித்துப் பார்க்கும் ஒரு நூலகவியல் ஜர்னலுக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னாள். நான்கு மாதம் கழித்துப் பதில் வந்தது. ஏற்கவும் இல்லை, தள்ளவும் இல்லை. இரண்டு பக்கம் கேள்வி. அதில் ஒன்று: “நூலகத்துக்கு வந்தவர்களிடம் மட்டும் கேட்டிருக்கிறீர்கள். வராதவர்களைக் கேட்டீர்களா? பஸ்தான் காரணம் என்று அவர்கள் சொன்னார்களா, நீங்கள் நினைத்தீர்களா?”

முகம் தெரியாத யாரோ ஒருவர் அவள் எழுதிய ஒவ்வொரு வரியையும் படித்திருக்கிறார். அவளுக்கு முதலில் ஆத்திரம், அப்புறம் அழுகை. மறுநாள் காலையில், “கேள்வி சரிதான் பெரியம்மா” என்றாள்.

இதற்கு நடுவில் முதல்வரைப் பார்த்துப் பேசி, மதிய இடைவேளையிலும் புத்தகம் கொடுக்க ஏற்பாடு செய்துவிட்டாள். முதல் வாரம் பதினோரு பெண்கள் வந்தார்களாம். பேப்பர் வருவதற்குள் ஆய்வு வேலை செய்ய ஆரம்பித்துவிட்டது. வேலை புதுப்பிப்பு சித்திரைக்கு மேல்தான் தெரியும்.

இப்போது தினமும் சாயங்காலம் பஸ் நிலையத்தில் நின்று, நூலகத்துக்கு வராத பிள்ளைகளிடம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். அதற்கு உங்கள் உதவியும் வேண்டும். உங்களில் எத்தனையோ பேர் பஸ் பாஸ் வைத்துக்கொண்டு கல்லூரி போனவர்கள். மூன்று ஆண்டில் நூலகத்திலிருந்து எத்தனை புத்தகம் எடுத்தீர்கள்? எடுக்கவில்லையென்றால் ஏன்? பஸ்தானா, வீட்டில் வேலையா, உள்ளே போகத் தயக்கமா, தொலைத்தால் அபராதம் என்ற பயமா? டீச்சர் என்ன நினைப்பாரோ என்று பார்க்காமல் நடந்ததை நடந்தபடி பின்னூட்டத்தில் எழுதுங்கள். பொதுவில் எழுதக் கூச்சமாக இருந்தால் உள்பெட்டியில் அனுப்புங்கள். பெயர் இல்லாமல் அவளிடம் சேர்த்துவிடுகிறேன்.