சல்லடையும் சுவடும்

கணினியின் பணிசெயல் முறைமைக்கு நடுவே கரு என்றொரு பகுதி உண்டு. வன்தட்டு, நினைவகம், வலையமைப்பு யாவற்றையும் ஆள்வது அதுவே. லினக்ஸ் கருவினுள் பல்லாயிரம் செயற்கூறுகள் இருக்கின்றன. எது எப்போது அழைக்கப்பட்டது, எவ்வளவு நேரம் எடுத்தது என்று சுவடு பதிக்கும் எப்ட்ரேஸ் என்னும் கருவி 2008ஆம் ஆண்டில் அதனோடு சேர்ந்தது.

நான் பணிபுரிந்த இடத்திலே ஒரு கணினி, கோப்பொன்றைச் சேமிக்கும்போதெல்லாம் சில விநாடிகள் மலைத்து நிற்கும். "வன்தட்டுத்தான் பழுது" என்றனர் எல்லோரும். புதியது வாங்கப் பணமும் ஒதுக்கியாயிற்று. அதற்குமுன் சுவட்டைப் பார்த்துவிடுவோம் என்றேன்.

வடிகட்டாமல் பதித்தால் வரிகள் இலட்சக்கணக்கில் வந்து குவியும். பதிவிடமோ அளவானது, புதிய வரிகள் பழையவற்றை அழித்துக்கொண்டே போகும். ஆகவே, வன்தட்டிற் கோப்புகளை எழுதும் செயற்கூறுகளை மட்டும் பதியச் செய்தேன். அவை யாவும் விரைந்து முடிந்தன. வன்தட்டு குற்றமற்றது. ஆனால், தாமதத்தின் காரணம் அந்தச் சல்லடையில் விழவேயில்லை.

பின்னர் சல்லடையை மாற்றினேன். செயற்கூறுகளின் பெயர்களை விடுத்து, மலைத்து நின்ற செய்நிரலின் இலக்கத்தைக் கொடுத்து, அது செல்லுமிடமெல்லாம் பதியச் செய்தேன். சேமிக்குமுன் அது வலையமைப்பினுள் புகுந்து, எப்போதோ அகற்றப்பட்ட ஒரு சேவையகத்தின் மறுமொழிக்காகக் காத்துக்கிடந்தது!

மாணவர்களே, சந்தேகிக்கப்பட்டவரை மட்டும் விசாரித்தால், அவர் நிரபராதி என்பது மாத்திரமே தெரியவரும். உண்மை வேண்டுமாயின், துன்பப்பட்டவரின் காலடிச்சுவட்டைப் பின்தொடர வேண்டும். வடிகட்டாமல் எதையும் காண இயலாது. எதைக் கொண்டு வடிகட்டுகிறோம் என்பதிலேதான் விவேகம் இருக்கிறது.