அண்ணனோட லாரி எவ்வளவுக்குப் போச்சு?



கோயிலுக்கு வரும் பலரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். "அண்ணனோட லாரி எங்கே? வித்தாச்சா? எவ்வளவுக்குப் போச்சு?" அண்ணனிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். "பேரு மட்டும் போடாதே தம்பி" என்றார். அதனால் பெயர் இல்லை.

பிடோக் ரெசர்வோயர் ரோடு பக்கம் அவர் புளோக்குக் கீழே நிற்குமே, அந்த வெள்ளைப் பத்தடி லாரிதான். விடியற்காலை பாசிர் பாஞ்சாங் மொத்தச் சந்தையில் காய்கறி ஏற்றி, தேக்கா சாப்பாட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். நவராத்திரி, தைப்பூசம் என்றால் நம் அன்னதானக் காய்கறியும் அண்டாக்களும் அதில்தான் வரும். ஒரு வெள்ளிகூட வாங்கியதில்லை. பைபாஸ் ஆபரேஷனுக்குப் பிறகு பாரம் தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகன் இன்னும் படிக்கிறான். கையில் இருந்த ஒரே சொத்து லாரி.

நம்ம ஊரில் லாரிக்கு விலை என்பது பாதிக்கு மேல் சிஓஇக்குத்தான். 1990இல் இந்த முறை வந்தது. 2023 தொடக்கத்தில் லாரி, வேன்களுக்கான சி பிரிவு 90,000 வெள்ளியைத் தாண்டியது ஞாபகம் இருக்கும். அண்ணன் பத்து வருடம் முடிந்ததும் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்திருந்தார். அதற்குக் கட்டியது 36,000 வெள்ளி. மாதத்துக்கு 600. மீதி இருந்தது 28 மாதம். ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்ததை மறுபடி புதுப்பிக்க முடியாது. ஆக, லாரி சும்மா நிற்கும் ஒவ்வொரு மாதமும் 600 வெள்ளி கரைகிறது. பார்க்கிங், இன்சூரன்ஸ் தனி.

இந்த அவசரத்தில் ஒரு வியாபாரி வந்து பார்த்து, "15,000 தர்றேன், இன்னைக்கே முடிச்சுக்கலாம்" என்றார். அண்ணன் தலையாட்டிவிட்டார். அண்ணிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை, எனக்கு போன் செய்தார். ஒன்மோட்டோரிங்கில் உள்ளே போய்ப் பார்த்தோம். லாரியை யாருக்கும் விற்காமல் பதிவை ரத்து செய்தாலே, மீதி 28 மாத சிஓஇக்குச் சுமார் 16,800 வெள்ளி திரும்பக் கிடைக்கும்! அதுதான் அடிவிலை. அதற்குக் கீழே யார் கேட்டாலும் கொடுக்க வேண்டியதில்லை. இந்த ஒரு விஷயம் தெரியாமல் நம்மில் எத்தனை பேர் விற்றிருப்போமோ.

கெரோசலில் நாமே விளம்பரம் போடுவது என்று முடிவானது. அந்தக் காலத்தில் பேப்பரில் வரி விளம்பரம் என்றால் ஒவ்வொரு வரிக்கும் காசு. சுருக்கமாகத்தான் எழுத முடியும். இப்போது இடத்துக்குப் பஞ்சமில்லை, ஆனாலும் பலரும் "நல்ல கண்டிஷன், சீரியஸ் பையர் மட்டும்" என்று போட்டுவிட்டுக் காத்திருக்கிறார்கள். நாங்கள் எழுதியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி:

"டோயோட்டா டைனா, பத்தடி, டீசல், மேனுவல் கியர், கிளாஸ் 3 லைசென்ஸ் போதும். ஒரே ஓனர், காய்கறி மட்டும் ஏற்றியது. சிஓஇ 28 மாதம், மறுபடி புதுப்பிக்க முடியாது. கடன் பாக்கி இல்லை. கிளட்ச் தேய்ந்திருக்கிறது, ஒரு வருடத்துக்குள் மாற்ற வேண்டிவரும். பின்கதவுக் கீலில் துரு. ஏசி குளிர்ச்சி குறைவு. விலை 20,000."

நம் தொண்டர் ஒருவர் கேட்டார், "கிளட்ச் விஷயத்தை எதுக்குண்ணே எழுதணும்? வர்றவன் பார்த்துக் கண்டுபிடிக்கட்டும்." அவர் கேட்டதும் நியாயம்தான், ஆஸ்பத்திரி பில் காத்திருக்கிறதே. அண்ணன் சொன்னார்: "வாங்குறவனும் லாரியை நம்பிச் சோறு திங்கிறவன்தான். முதல் மாசமே ஒர்க்‌ஷாப்புல போட்டுட்டா அவன் பொழப்பு என்னாகும்?" எழுதியது எழுதியபடியே போனது.

முதல் இரண்டு நாள் "லாஸ்ட் பிரைஸ்?" என்ற இரண்டு வார்த்தைதான் வந்துகொண்டிருந்தது. ஒருவர் லாரியைப் பார்க்காமலே 20,500 தருவதாகச் சொல்லி, போனுக்கு வரும் ஓடிபி எண்ணைக் கேட்டார். உடனே பிளாக். இன்னொருவர் நேரில் வந்தார், நல்லாவே பேசினார். முழு 20,000 தருகிறேன், 5,000 இப்போது, மீதி மாதா மாதம், பெயர் மாற்றம் கடைசியில் என்றார். அண்ணன் யோசித்தார். அண்ணிதான் ஒரே பேச்சில் முடித்தார்: "பேரு நம்ம பேர்ல இருக்கிற வரைக்கும் சம்மன் நம்ம வீட்டுக்குத்தான் வரும். வேணாம்."

பத்தாம் நாள் ஏர்கான் சர்வீஸ் தொழில் தொடங்கும் ஒரு பையன், மெக்கானிக்கைக் கூட்டிக்கொண்டு வந்தான். மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார். "எழுதினதுதான் இருக்கு, புதுசா ஒண்ணும் இல்ல" என்றார். கிளட்சுக்கு என்று 800 குறைத்து 19,200க்கு முடிந்தது. வியாபாரி சொன்னதைவிட 4,200 அதிகம். பையன் தன் பெயரில் இன்சூரன்ஸ் எடுத்தான். வாய்டு டெக்கில் உட்கார்ந்து, பணம் அண்ணன் கணக்கில் ஏறியதைப் பார்த்த பிறகு, சிங்பாஸ் வழியாகப் பெயர் மாற்றி, கடைசியில்தான் சாவி. முருகன் படத்தை மட்டும் கழற்றி அண்ணன் வீட்டுச் சாமி மேடைக்கு எடுத்துக்கொண்டார்.

விற்க நினைப்பவர்களுக்கு நான்கு விஷயம்:

முதலில் ரிபேட் எவ்வளவு என்று பாருங்கள்.
கடன் இருந்தால் பைனான்ஸ் கம்பெனியில் கேட்டு, அடைக்க எவ்வளவு என்று தெரிந்துகொள்ளுங்கள்.
பணம் வந்ததற்கு ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள், உங்கள் பேங்க் ஆப்பில் பாருங்கள்.
ஓடிபி, சிங்பாஸ் பாஸ்வேர்டு யாருக்கும் கிடையாது, கோயில் தொண்டர் என்று சொல்லிக்கொண்டு வந்தாலும்!

வயதானவர்கள் யாருக்காவது விளம்பரம் எழுத உதவி வேண்டும் என்றால் தொண்டர் மேசையில் சொல்லுங்கள், உட்கார்ந்து எழுதித் தருகிறோம்.

இனி நம் வேண்டுகோள். அன்னதானக் காய்கறிக்கு இப்போது வண்டி இல்லை. வேனோ லாரியோ வைத்திருப்பவர்கள் சனிக்கிழமை விடியற்காலை பாசிர் பாஞ்சாங் போய்வர முடியுமா? பாரம் தூக்க இளைஞர்கள் இருக்கிறார்கள். அண்ணன் பக்கத்து சீட்டில் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். எந்தக் கடையில் வெண்டைக்காய் இளசாக இருக்கும் என்று அவருக்குத்தானே தெரியும்.

முருகா சரணம்.