புதிய ஊரில் மருத்துவர் தேடியது

ஊர்விட்டு ஊர் பெயர்வோர் வீடு தேடுவர், பால்காரரைத் தேடுவர், பிள்ளைகட்குப் பள்ளி தேடுவர். இவையெல்லாம் ஒரு திங்களுக்குள் ஒருவாறு அமைந்துவிடும். மருத்துவரைத் தேடுவதோ அத்துணை எளிதன்று. நலமுடையோர், நோய் வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்று வாளா இருந்துவிடலாம். நோயையும் பெட்டி படுக்கையோடு உடன்கொண்டு வருவோர்க்கு அவ்வாறு இருத்தல் இயலாது. எம் அன்னையார் இப் பின்னைய வகையினர்.

எந்தையாருக்கு உத்தியோக மாற்றம் வந்தமையால், சென்ற ஆண்டு யாம் பாளையங்கோட்டையினின்றும் புதுக்கோட்டைக்குக் குடிபெயர்ந்தோம். அன்னையாருக்கு இளமையிற் கண்ட மூட்டுவாதக் காய்ச்சலால் இருதயத்தின் வால்வொன்று பழுதுற்றிருந்தது. ஒன்பது ஆண்டுகட்கு முன் அறுவை மருத்துவம் செய்து, அதனை நீக்கிச் செயற்கை வால்வு பொருத்தினர். அதன்மேல் குருதி உறைந்து கட்டியாகாமற் காத்தற்கு வார்பரின் என்னும் மாத்திரையை உயிருள்ளளவும் நாடோறும் உண்ணல் வேண்டும். மருந்தின் வலி குறையின், கட்டி உண்டாகி மூளைக்குச் சென்று பக்கவாதம் விளைக்கக்கூடும். மிகின், குருதி நில்லாது பெருகக்கூடும். ஆதலின் சில வாரங்கட்கு ஒருமுறை குருதியைச் சோதித்து, ஐ.என்.ஆர். என்னும் எண்ணைக் கண்டு, மாத்திரையின் அளவைத் திருத்துவர். நலமுடையார்க்கு அவ்வெண் ஏறத்தாழ 1. அன்னையாருக்கோ அது 2.5க்கும் 3.5க்கும் இடையே நிற்றல் வேண்டும்.

இம் மருந்தின் பிறப்பு வியப்புக்குரியது. 1920களில் வட அமெரிக்காவில், கெட்டுப்போன ஒருவகைத் தீவனப் புல்லைத் தின்ற மாடுகள் குருதி நில்லாது மாண்டன. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக் கார்ல் லிங்க் என்பாரும் அவர் குழுவினரும் அதற்குக் காரணமான பொருளைப் பிரித்துக் கண்டனர். அதன் வழிவந்த வார்பரின், 1948இல் எலிப்பாஷாணமாகக் கடைக்கு வந்தது. மனிதர்க்கு மருந்தானது 1954இல். எலிக்கு நஞ்சாகவும் எம் அன்னையார்க்கு அரணாகவும் இருப்பது அஃதொன்றே. வேறுபாடு அளவில் உள்ளது. அவ்வளவைக் காப்பவர் மருத்துவர்.

பாளையங்கோட்டையில் அவ்வளவைக் காத்த மருத்துவர் முதியவர். அன்னையார் வாயிலில் செருப்பைக் கழற்றும்போதே, நடையைக் கொண்டு அன்றைய நிலையை உணர்ந்துகொள்வார். எந்தக் கையில் நரம்பு எளிதிற் கிடைக்கும் என்பது அவருடைய சோதனைச்சாலைப் பையனுக்கும் தெரியும். பிரியும்போது, ஒன்பது ஆண்டுக் கணக்கும் அடங்கிய குறிப்பேட்டை அவர் எம் கையிற் கொடுத்தார். அதில் தேதியும் எண்ணும் மாத்திரையளவும் இருந்தன. அவர் மனத்தில் இருந்த ஏனையவற்றை ஏட்டில் எங்ஙனம் எழுதுவது?

புதுக்கோட்டை எமக்குப் பிடித்த ஊர். நேர்நேராய் ஓடும் ராஜவீதிகளில் புதியவரும் வழிதப்ப மாட்டார். மருத்துவர் பெயர்ப்பலகைகளுக்கும் குறைவில்லை. பலகையிற் கண்ட பட்டங்களின் நீளமோ, வாயிலில் நின்ற கூட்டமோ எமக்கு ஒன்றும் உணர்த்தவில்லை. போதகர் ஒருவரைச் சொன்னார். மருந்துக்கடைக்காரர் மற்றொருவரைச் சொன்னார். ஆட்டோ ஓட்டுநரோ, தம் மாமியாரைப் பிழைக்கவைத்தவர் என்று மூன்றாமவரிடம் கொண்டுபோய் விடவே முற்பட்டார். இவர் மூவரும் பொய்யுரைத்தாரல்லர். தத்தம் நோய்க்கு வாய்த்தவரை எம் நோய்க்கும் வாய்ப்பர் எனக் கருதினர், அவ்வளவே.

முதலிற் சென்ற மருத்துவரிடம் கண்ட எண் 1.7. அவர் குறிப்பேட்டின் கடைசிப் பக்கத்தை மட்டும் நோக்கி, மாத்திரையைக் கூட்டி எழுதினார். அன்னையார் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் அடுத்தவரை அழைக்கும் மணி ஒலித்தது. கூட்டிய மாத்திரையை உண்டுவந்தார். பின்னர் உறவினர் திருமணத்தின் பொருட்டுப் பாளையங்கோட்டை சென்று இரண்டு வாரம் தங்கினோம். ஒருநாட் காலையில் பல்விளக்கிய அன்னையார் நெடுநேரமாகியும் வெளிவரவில்லை. சென்று பார்த்தபோது நீர்த்தொட்டி சிவந்திருந்தது. ஈறினின்றும் வடிந்த குருதி நிற்கவில்லை. முன்கையில் அடிபடாமலே நீலம் பரந்திருந்தது. பழைய மருத்துவரிடம் விரைந்தோம். எண் 4.8. இரண்டு நாள் மாத்திரையை நிறுத்தி, மீண்டும் பழைய அளவுக்குக் குறைத்தார். புதுக்கோட்டைக்கு மீண்டு மூன்று வாரம் கழித்துச் சோதிக்க, எண் மறுபடியும் 1.8 ஆயிற்று! தொலைபேசியில் அதனைக் கேட்ட முதியவர், “அந்த ஊரிலே உங்கள் வீட்டில் ஏதோ மாறியிருக்கிறது, அம்மா. இங்கிருந்துகொண்டு அதனை என்னால் காண முடியாது. அங்கேயே காணக்கூடிய ஒருவரைத் தேடுங்கள்,” என்றார்.

அன்றிரவு வேதபாடத்தில், பன்னிரண்டு ஆண்டு பெரும்பாட்டால் வருந்திய பெண்ணின் வரலாறு எம் நினைவில் எழுந்தது. அவள் வைத்தியர் பலரிடம் சென்று மிகவும் வருந்தினாள் என்றும், செல்வமெல்லாம் இழந்தும் நோய் மிகுந்ததே என்றும் மாற்கு எழுதுகின்றார். லூக்காவோ, அவளை ஒருவராலும் குணமாக்க இயலவில்லை என்று சொல்லி அமைகின்றார். லூக்கா தாமும் வைத்தியர் அன்றோ! தம் இனத்தாரை அவர் சிறிது காத்துக்கொண்டார் என்று அன்னையார் நகைத்தார். அவ்வார முழுதும் அவர் நகைத்தது அஃதொருமுறையே.

அன்னையார்க்குப் பெண் மருத்துவர் ஒருவர் கிடைப்பின் நன்று என்னும் விருப்பம் இருந்தது. இவ்வூரில் அவ்விருப்பத்திற்கு ஒரு பழைய வரலாறு உண்டு. 1886ஆம் ஆண்டு இங்குப் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி அம்மையார், ஆடவரே பயின்றுவந்த மகாராஜா கல்லூரியில் மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமானின் இசைவு பெற்றுப் பயின்றார். மருத்துவம் கற்றற்கு 1907இல் சென்னை செல்ல நேர்ந்தது. 1912இல் பட்டம் பெற்றார். அடையாற்றுப் புற்றுநோய் மருத்துவமனை 1954இல் அவர் முயற்சியால் எழுந்ததே. அவர் பிறந்த ஊர்க்கு அரசு மருத்துவக் கல்லூரி வந்தது 2017இல். நூறாண்டுக்கு மேற்பட்ட காலம், மருத்துவம் கற்க விழைந்த இவ்வூர்ப் பிள்ளைகள் வெளியூரே சென்றனர் என்பதை எண்ணுங்கால், மருத்துவர் தேடி அலைதல் எமக்கு மட்டும் உரியதன்று என்று தேறினோம்.

அயலகத்து ஆச்சி காட்டிய பெண் மருத்துவர் ஒருவரிடம் பின்னர்ச் சென்றோம். சிறிய அறை, பழைய மேசை. அவர் குறிப்பேட்டை முதற்பக்கத்திலிருந்து புரட்டினார். கால் மணி நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, “வாரத்திற்கு எத்தனை நாள் கீரை சமைப்பீர்கள், அம்மா?” என்றார்.

“ஒரே நாள்தான், டாக்டரம்மா. கீரைக்காரி வரும் சனிக்கிழமை மட்டும் வாங்குவேன். பழைய டாக்டரும் அதைக் கூட்டக்கூடாது, குறைக்கவும் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.”

“அது வாங்குகிற கீரை. பறிக்கிற கீரை உண்டா?”

அன்னையார் எம்மை நோக்கினார். புதிய வீட்டின் கொல்லையில் முருங்கை மரம் ஒன்று தழைத்து நின்றது. அடையிலும் குழம்பிலும், நெய் உருக்கும்போதும், நாடோறும் ஒரு பிடி இலை விழுந்துகொண்டிருந்தது. காசு கொடுத்து வாங்காத ஒன்று அன்னையார் கணக்கிற் கீரையாக ஏறவேயில்லை. கீரையில் மிகுந்துள்ள ‘கே’ வைட்டமின் வார்பரினின் வலியை அடக்கும். புதுக்கோட்டையில் எண் தாழ்ந்தமைக்கும், முருங்கை இல்லாத பாளையங்கோட்டையில் கூட்டிய மாத்திரை குருதியாய்ப் பெருகியமைக்கும் காரணம் அம்மரமே.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை யாம் வகுப்பில் ஓதியதுண்டு. நோயின் அளவையும் காலத்தையும் ஆராயச் சொல்லும் ஆசிரியர், அவற்றோடு நோயுற்றான் அளவையும் ஆராய்க என்கின்றார். அவனது வயதும் வலியும் என்று அதற்குப் பொருள் எழுதித் தேர்வில் மதிப்பெண்ணும் பெற்றோம். நோயுற்றார் வீட்டுக் கொல்லையும் அவ்வளவினுள் அடங்கும் என்பது எமக்கு அன்றுதான் விளங்கிற்று.

மரத்தை வெட்டிவிடட்டுமா என்று அன்னையார் அஞ்சி வினவ, மருத்துவர் சிரித்தார். “மரம் நிற்கட்டும். நாளை மட்டும் வரையறுத்துக்கொள்ளுங்கள். அதற்கு ஏற்றபடி மாத்திரையை நான் அமைத்துக்கொள்கிறேன்,” என்றார். வேறு எவரேனும் வலிக்கு ஊசியோ மாத்திரையோ தரப்புகின் இந்த மருந்தின் பெயரை முதலிற் சொல்லவேண்டும் என்றும் வற்புறுத்தினார்.

குறிப்பேடோ ஆங்கிலத்தில் உள்ளது. அன்னையார் தமிழே படிப்பார். ஆதலின் அதன் சாரத்தைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைப்பது எம் பொறுப்பாயிற்று. தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர்க்கு இஃதெளிது என்று எண்ணற்க. ஒவ்வொரு சொல்லிலும் தயங்கினோம். அப்பொழுது எமக்கு வழிகாட்டியவர், 1847இல் யாழ்ப்பாணம் வந்து, மானிப்பாயில் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே மேனாட்டு மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிஷன் மருத்துவர் சாமுவேல் கிறீன். மனித உடற்கூற்றையும் அறுவை மருத்துவத்தையும் தமிழில் தந்த அவர், வேதியியல் நூலுக்குக் கெமிஸ்தம் என்றே பெயரிட்டார். இயன்றதை மொழிபெயர்த்து, இயலாததைத் தமிழ் எழுத்தில் நிறுத்துதல் அவர் முறை. யாமும் மருந்தின் பெயரை அப்படியே நிறுத்தி, ‘குருதி உறையாமற் காக்கும் மாத்திரை, உண்பவர் செயற்கை வால்வு உடையவர், ஊசி போடுமுன் கேட்க’ என்று கீழே எழுதினோம். அன்னையார் அதைப் படித்துப் பார்த்து, முருங்கையையும் சேர் என்றார். சேர்த்தோம்.

இப்பொழுது செவ்வாயும் வெள்ளியும் எம் வீட்டில் முருங்கை நாட்கள். ஏனைய நாட்களிற் பறிப்பதெல்லாம் ஆச்சி வீட்டுக்குச் செல்கின்றது. சென்ற திங்கள் சோதனையில் எண் 2.9.