பின் தையலில் விட்ட துணி

ஒரு களிசான் நல்ல கையால் தைக்கப்பட்டதா என்றறிய அதை உட்பக்கம் புரட்டி, இடுப்புப் பட்டியிலிருந்து கவட்டுக்கு இறங்கும் பின் தையலைப் பார்த்தால் போதும். மேலே இருபுறமும் ஒன்றரை அங்குலம் துணி மிச்சம் கிடந்தால், தைத்தவன் தொழில் தெரிந்தவன். இடுப்புப் பட்டியையும் அவன் ஒரே துண்டாக வைத்திருக்க மாட்டான். இரண்டு பாதியாக வைத்து, கடைசியில் பின் தையலோடு சேர்த்தே மூட்டியிருப்பான். உடுப்பவன் நாளைக்குப் பருக்கலாம், மெலியலாம். அந்த ஒரு தையலைப் பிரித்தால் போதும், சரிப்படுத்திவிடலாம். இன்று கடையில் வாங்கும் ஆயத்த உடுப்பில் அரை அங்குலம் விடுவதே பெரிய காரியம். அதைப் பிடிக்கலாம், விரிக்க முடியாது.

இதெல்லாம் வாப்பாவிடம் கற்றது. யாழ்ப்பாணம் சோனகதெருவில் அவருக்குத் தையற்கடை இருந்தது. 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது மெஷின்கள் இரண்டும், வெட்டியும் தைத்தும் வைத்திருந்த பிறருடைய துணிகளும் கடையோடு நின்றுவிட்டன. உடுத்திருந்த சாம்பல் நிறக் களிசானோடு புத்தளத்துக்கு வந்து சேர்ந்தார். மெஷின்களைப் பற்றி அவர் அதிகம் பேசியதில்லை. “ஆக்கள்ட துணி” என்பதுதான் வாயில் வரும். அமானிதமாக வாங்கியதைத் திருப்பிக் கொடுக்காமல் வந்துவிட்டோமே என்ற ஆற்றாமை. ஊசி நூலைத் தொடவே மாட்டேன் என்றிருந்தார்.

ஓலைக் கொட்டிலில் ஆறு மாதம் போனதும் அந்தக் களிசான் இடுப்பில் நிற்கவில்லை. கயிற்றால் கட்டிக்கொண்டு கூலி வேலைக்குப் போனார். உம்மாவுக்குக் காணப் பொறுக்கவில்லை. “கழட்டித் தாங்கோ, நான் பிடிச்சுத் தாறன்” என்று அயல் கொட்டிலில் ஊசி இரவல் வாங்கி வந்தா. பின்னால் நடுவில் இருந்த பெல்ட் வளையத்தைக் கழற்றி, பட்டியைப் பிரிக்கும்வரை வாப்பா பேசாமலிருந்தார். உம்மா நேர்கோட்டில் நூலோடத் தொடங்கியதும் பொறுக்க முடியவில்லை.

“அப்பிடியில்ல. இருந்தா வெடிச்சிரும்.”

கையிலிருந்து வாங்கிக்கொண்டார். மேலே பிடித்த அளவு கீழே போகப்போகக் குறைந்து, வளைவுக்கு வருமுன் பழைய தையலோடு கலந்துவிட வேண்டும். வளைவில் துணி குறுக்கு வாட்டத்தில் நிற்பதால் இழுபடும். அங்கே ஊசியை ஓர் எட்டு முன்னே விட்டு அரை எட்டுப் பின்னே வாங்கி, இரண்டு தரம் தைத்தார். குப்பி விளக்கைப் பிடித்திருந்தவன் நான். உள்ளே பருத்து நின்ற மிச்சத் துணியை உம்மா கத்தரிக்கப் போனா. “வெட்டாத” என்றார்.

அதற்குப் பிறகு வாடகை மெஷின் ஒன்றில் பாடசாலைப் பிள்ளைகளின் களிசான்கள் தைத்தே எங்களை வளர்த்தார். எல்லாவற்றிலும் கால் மடிப்பில் இரண்டு அங்குலம் உள்ளே விட்டிருப்பார். கரண்டைக்கு மேலா கீழா என்று ஊரில் பெரிய விவாதம் நடந்த காலத்திலும் கேட்ட உயரத்துக்கு மடித்துக் கொடுத்தார். மடிப்புக்குள் இருந்த துணி மட்டும் எல்லாருக்கும் ஒரே அளவு.

2002இல் போர்நிறுத்தம் வந்து ஏ-9 பாதை திறந்தபோது, போவதற்கு முன் ஒரு கறுப்புக் களிசான் தைத்தார். கடையில் விட்டுவந்தவற்றுள் ஒன்று அயலிலிருந்த தமிழ் மாஸ்டருடையது. இடுப்பு 34, நீளம் 40 என்று அளவு அவருக்கு மனதில் நின்றது. பன்னிரண்டு வருடத்தில் மனிசன் எப்படி மாறியிருப்பாரோ என்று பின் தையலில் வழமையைவிடக் கூடுதலாக விட்டார்.

கடைக்குக் கூரையில்லை. மாஸ்டர் இருந்தார், நன்றாக மெலிந்து. “நானா, இதுக்காகவோ வந்தனீங்கள்?” என்று கேட்டுவிட்டு உள்ளே போய் உடுத்து வந்தார். வாப்பா விறாந்தையிலேயே இருந்து பட்டியைப் பிரித்தார். இரண்டு அங்குலம் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு மேல் போனால் பின்பக்கப் பைகள் ஒன்றோடொன்று முட்டிவிடும், பக்கத் தையல்களிலும் கை வைக்க வேண்டிவரும். மாஸ்டரின் மனைவி தேத்தண்ணீரோடு கத்தரிக்கோலும் கொண்டுவந்து வைத்தா. தேத்தண்ணீரைக் குடித்தார். கத்தரிக்கோலை எடுக்கவில்லை.