உப்புக் காற்றும் கம்ப்யூட்டரும்

கடற்கரை ஊரில் குடியிருக்கும் இரும்புக்கு ஆயுசு கம்மி. ஆலந்தலையில் ஜன்னல் கம்பி, சைக்கிள், தையல் மெஷின் எதைத் தொட்டாலும் விரலில் செம்பொடி ஒட்டும். அப்படியிருக்க, 2003-ல் வாங்கிய கம்ப்யூட்டர் ஒன்று அங்கே இருபது வருஷத்துக்கு மேல் உயிரைப் பிடித்துக்கொண்டிருந்தது என்றால், அதன் சொந்தக்காரருடைய பிடிவாதத்தைத்தான் மெச்ச வேண்டும்.

சொந்தக்காரர் ஓய்வு பெற்ற பள்ளிக்கூட வாத்தியார். திருச்செந்தூருக்குத் தெற்கே சமீபத்தில் இருக்கும் இவ்வூர், பரதவர்களுடைய பழைய ஏழு கடல்துறைகளில் ஒன்று. அவருடைய தகப்பனார் முத்துக் குளித்தவர். தூத்துக்குடிப் பார்களில் 1961-ல் நடந்ததுதான் கடைசி முத்துக்குளிப்பு. அதன் பிறகு அத்தொழிலின் வார்த்தைகள் கிழவர்கள் வாயில் மட்டும் மிஞ்சின. வாத்தியார் அவற்றைச் சேர்த்தார். வாடை, கொண்டல், கச்சான், சோழகம் என்று காற்றுகள், மீன்கள், மடி வகைகள். நோட்டுப் புத்தகங்களைக் கறையான் தின்றுவிட்டது. கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்த பிரதி ஒன்றுதான் பாக்கி. என் நாவலில் ஒரு சம்மாட்டி வருகிறான். அவனை மதுரைத் தமிழ் பேச விட முடியுமா? ஆகவே புறப்பட்டுப் போனேன்.

கம்ப்யூட்டரோ இரண்டு நிமிஷம் விழித்துவிட்டு, நீலத் திரை காட்டி மறுபடி படுத்துக்கொண்டது. விடுமுறைக்கு வந்திருந்த வாத்தியாருடைய பேத்தி, இன்ஜினீயரிங் மாணவி, "லினக்ஸ் போட்டுப் பார்ப்போம், தாத்தா" என்றாள்.

லினக்ஸ் என்றதும் மிரள வேண்டாம். ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-ல் தொடங்கி, உலகத்துக்கே திறந்து வைத்த சரக்கு அது. நம் நாட்டு சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் ஒரு லினக்ஸ் தயாரித்தது. தமிழக அரசு 2011 முதல் மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் அதுவும் வந்தது. ஆனால் பழைய 32-பிட் யந்திரங்களை ஒவ்வொருவராகக் கைவிட்டு வருகிறார்கள். 2025-ல் வந்த டெபியன் 13-ல் அவற்றுக்கு நிறுவும் தட்டே கிடையாது. 2023-ல் வந்த டெபியன் 12-ஐ அந்தப் பெண் தேடி எடுத்து ஒரு ஸி.டி.யில் பதித்தாள். அந்த யந்திரத்துக்குப் பென்டிரைவிலிருந்து கிளம்பத் தெரியாது.

முதல் முறை, ஸி.டி.யைப் படித்துக்கொண்டிருக்கும்போது நின்றது. இரண்டாம் முறை அவ்வளவு தூரம்கூடப் போகவில்லை. எந்த விசைப்பலகை என்று கேட்ட கையோடு உறைந்துவிட்டது. மூன்றாம் முறை கறுப்புத் திரையில் நாலு வரி புலம்பல்.

"ஸி.டி. சரியில்லையோ?" என்றேன்.

"இல்லை மாமா. தட்டில் கோளாறு என்றால் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் நிற்கும். இது இடம் மாறி மாறி நிற்கிறது. நினைவகத்தைப் பார்க்கணும்."

நியாயமான பேச்சு. நினைவகத்தில் ஒரு மூலை கெட்டிருந்தால், அந்த மூலையில் இம்முறை எது வந்து உட்காருகிறதோ அது பாழாகும். அடுத்த முறை வேறொன்று. துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் இந்தப் பெண்ணிடம் பாடம் கேட்கலாம். வட்டில் எழுதும் கட்டம் வருமுன்பே மூன்று முறையும் நின்றதுதான் எங்கள் அதிர்ஷ்டம். கெட்ட நினைவகத்தை நம்பி வட்டில் கை வைத்திருந்தால் கொண்டலும் கச்சானும் போயிருக்கும்.

பெட்டியைத் திறந்தாள். 512 எம்.பி. நினைவகப் பட்டைகள் இரண்டு. பொன்னிறமாக இருக்க வேண்டிய பற்கள் கறுத்துப் போயிருந்தன; உப்புக் காற்றின் கைவரிசை. பென்சில் அழிக்கும் ரப்பரால் பதமாகத் தேய்த்தாள். பிறகு 'மெம்டெஸ்ட்' என்ற பரிசோதனையை இன்னொரு ஸி.டி.யிலிருந்து ஓட்டினாள். திரையில் சிவப்பு வரிகள் பெருகின. ஒரு பட்டையைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் வைத்து ஓட்டினோம். ராத்திரி முழுவதும் ஒரு சிவப்புக் கோடு இல்லை. வாத்தியார் தூங்கவில்லை, காபி போடுகிற சாக்கில் நாலு தரம் வந்து எட்டிப் பார்த்தார்.

காலையில் அவள் செய்த முதல் காரியம் நிறுவுவது அல்ல. நிறுவும் தட்டிலேயே மீட்புக்கென்று ஒரு வழி இருக்கிறது. அதன் மூலம் உள்ளே போய், பட்டியலைப் பென்டிரைவுக்குக் கடத்தினாள். அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். உள்ளே காசு அளவில் இருந்த பாட்டரி செத்துப்போய்க் கடிகாரம் 2003-லேயே நின்றிருந்தது. இருபது ரூபாய்ச் சங்கதி, மாற்றினோம். மத்தியானம் லினக்ஸ் எழுந்தது. பாதி நினைவகத்தோடு மந்தமாகத்தான் நடந்தது.

பட்டியலைத் திறந்தால் ஒரே கோணல் எழுத்துக்கள்! யூனிகோட் பரவுவதற்கு முந்திய 'திஸ்கி' குறியீட்டில் அடித்தது. 'ஓப்பன்-தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பு அதை யூனிகோடாக்கித் தந்தது. அதற்குக் கால் மணி கூட ஆகவில்லை.

வாத்தியாருக்கு இப்போது கண் சரியில்லை. பேத்தி ஒவ்வொன்றாக வாசிக்க, அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். ஓங்கல் வந்தது, கரைமடி வந்தது. 'நீவாடு: நீரோட்டம்' என்று வாசித்ததும் கையைத் தூக்கினார்.

"நிறுத்து. யாரு இப்படிப் போட்டது?"

"நீங்கதான் தாத்தா."

"நீரோட்டம் ஆத்துக்கும்தான் இருக்கு. கடல் நீரோட்டம்னு திருத்து."

அவள் திருத்தினாள். அவர் அடுத்த சொல்லைக் கேட்டார்.