மண்ணை நகர்த்தும் தொழில்

நெய்வேலிக்காரர்களை நிலக்கரி தோண்டுகிறவர்கள் என்பார்கள். சுரங்கத்துக்குள் வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், எங்கள் நேரமும் பணமும் பெரும்பாலும் மண்ணை நகர்த்துவதிலும் தண்ணீர் இறைப்பதிலும்தான் போயின. ஒரு டன் பழுப்பு நிலக்கரி (லிக்னைட்) எடுக்க, அதன்மேல் கிடக்கும் மண்ணில் ஐந்தரை முதல் ஏழு கன மீட்டர் வரை அள்ளி அப்புறப்படுத்த வேண்டும். எடைக் கணக்கில் ஒரு டன் கரிக்குப் பத்து டன்னுக்கு மேல் மண். ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ ஒரு கிலோ லிக்னைட் எரிகிறது. ஓய்வு பெற்று நான் வந்து தங்கியிருக்கும் புதுச்சேரி உப்பளம் வீட்டில், மின்விசிறி காலையிலிருந்து இரவு வரை சுற்றினால் ஒரு யூனிட். அதற்காக அங்கே பத்துப் பன்னிரண்டு கிலோ மண் பெயர்க்கப்பட்டிருக்கிறது. புதுச்சேரிக்குச் சொந்தமாகப் பெரிய மின் நிலையம் கிடையாது. காரைக்காலில் இருக்கும் சிறிய எரிவாயு நிலையம் போக, பெரும்பகுதியை வெளியிலிருந்துதான் வாங்குகிறது. அதில் நெய்வேலி மின்சாரமும் உண்டு.

நிலக்கரித் தொழில் நெருக்கடியில் இருக்கிறது என்ற பேச்சு வரும்போதெல்லாம் சூரிய மின்சாரம், பருவநிலை மாற்றம், உலகச் சந்தை என்று பேசுகிறார்கள். எல்லாம் உண்மைதான். ஆனால் சுரங்கத்தின் உள்ளே நின்று பார்த்தவனுக்கு நெருக்கடி வேறு வரிசையில் தெரியும்.

1930களில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் தம் நிலத்தில் ஆழ்துளைக் கிணறு போட்டபோது கரிய பொருள் மேலே வந்தது. 1956 இல் சுரங்கத்தை நடத்தும் அரசு நிறுவனம் உருவானது. 1957 மே 20 அன்று பிரதமர் நேரு சுரங்க வேலையைத் தொடங்கி வைத்தார். கரி கண்ணில் பட்டதோ 1961 ஆகஸ்டில். நான்கு ஆண்டுகளுக்கு மேல் மண்ணை மட்டுமே தோண்டினார்கள், விற்க ஒரு கூடை கரி கிடையாது. அவ்வளவு காலம் முதலைப் போட்டுவிட்டுக் காத்திருக்க அன்றைக்கு அரசாங்கத்தால்தான் முடிந்தது. தனி முதலாளி யாரும் இதைத் தொட்டிருக்க மாட்டார் என்பது என் எண்ணம்.

அந்த ஆண்டுகளில் பெரிய தொல்லை கொடுத்தது கடலூர் மணற்கல். ஜெர்மனியிலிருந்து வந்த, வாளிகள் பொருத்திய சக்கரத்தால் வெட்டும் பக்கெட் வீல் இயந்திரங்கள் மிருதுவான மண்ணுக்குப் பழகியவை. நெய்வேலி மண்ணோ பாறைபோல் இறுகியது, அதோடு உப்புத்தாள் மாதிரி இரும்பைத் தேய்த்துவிடக் கூடியது. வாளியின் விளிம்பில் பொருத்தியிருக்கும் பற்களைப் பார்த்தால் புரியும். புதுப் பல் உளிபோல முனை நீட்டிக்கொண்டிருக்கும். கடினமான மண் அடுக்கில் ஓடிய பல்லைக் கழற்றிக் கையில் எடுத்தால், முனை இருந்த இடமே தெரியாமல் வழவழவென்று மழுங்கியிருக்கும், தொட்டால் சுடும். பல் தேய்ந்ததை ஆபரேட்டர் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே காதால் கண்டுபிடித்துவிடுவார். மண்ணை அறுக்கும் சத்தம் போய், தட்டும் சத்தம் வரும். உடனே நிறுத்திப் பல் மாற்றாவிட்டால் வாளி அடிபடும், பிறகு சக்கரமே அதிரும். கடைசியில், முதலில் துளையிட்டு வெடி வைத்து மண்ணைத் தளர்த்துவது, அப்புறம் சக்கரத்தை விடுவது என்ற முறை வந்தது. இன்றும் அப்படித்தான். வெடிமருந்துச் செலவும் மண் கணக்கில் ஏறியது.

சர்ஃபேஸ், டாப், மிடில், பாட்டம் என்று பெஞ்ச் எனப்படும் படிகளாக மண்ணை வெட்டி இறக்கி, கடைசியில் லிக்னைட் பெஞ்ச். ஒவ்வொன்றிலும் வெட்டும் இயந்திரம், அதிலிருந்து கிலோமீட்டர் கணக்கில் ஓடும் கன்வேயர் பெல்ட், மறுமுனையில் மண்ணைக் கொட்டும் ஸ்ப்ரெடர். மூன்றும் ஒரே சங்கிலி. நடுவில் ஒரு பெல்ட் கிழிந்தால் மூன்றும் நிற்கும். பெல்ட்டை ஒட்ட வல்கனைசிங் செய்கிறவர்கள் வெயிலிலும் மழையிலும் மணிக்கணக்கில் குனிந்து நிற்பார்கள். அந்த ஷிப்டில் ஒரு டன் மண்கூட நகராது, ஆனால் இயந்திரத்துக்கு வாங்கிய கடனுக்கு வட்டி ஓடிக்கொண்டே இருக்கும். திறந்தவெளிச் சுரங்கத்தில் செலவைத் தீர்மானிப்பது பெரும்பாலும் இந்த நின்ற மணி நேரங்கள்தான்.

அடுத்தது தண்ணீர். லிக்னைட் படுகைக்குக் கீழே பெரிய நீர்த்தாங்கி இருக்கிறது. அதன் நீர் சதுர சென்டிமீட்டருக்கு ஆறு முதல் எட்டு கிலோ வரையிலான அழுத்தத்தோடு மேல்நோக்கி முட்டுகிறது. மேலே இருக்கும் மண்ணை நாம் எடுத்துவிட்டால் அழுத்திப் பிடிக்க எடையில்லை, சுரங்கத்தின் தரை பொங்கி வெடித்துவிடும். ஆகவே சுரங்கத்தைச் சுற்றிலும் ஆழ்குழாய்களைப் போட்டு இரவு பகலாக இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைத்தே வைத்திருக்க வேண்டும். பம்புகளுக்குத் தீபாவளி, பொங்கல் விடுமுறை கிடையாது. ஒவ்வொரு டன் கரிக்கும் பல டன் தண்ணீர் வெளியே வருகிறது. அது மின் நிலையத்துக்குப் போகிறது, வாலாஜா ஏரிக்குப் போகிறது, அதன் கீழே வயல்களுக்குப் போகிறது. அதே சமயம் சுற்றுக் கிராமத்து விவசாயிகள், எங்கள் கிணற்று மட்டம் இறங்கிவிட்டது என்று பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். அந்தப் புகாரை நான் ஒருபோதும் லேசாக எடுத்துக்கொண்டதில்லை. இறைத்தால் மட்டம் இறங்கும் என்பதுதானே எங்கள் தொழிலின் அடிப்படையே.

இவ்வளவும் செய்து எடுத்த கரியை எங்கே விற்பது? இங்கேதான் லிக்னைட்டின் பெரிய பலவீனம். அதன் எடையில் பாதி ஈரம். கிலோவுக்கு ஏறத்தாழ 2,600 கிலோகலோரி வெப்பம்தான் கிடைக்கும். வெளியே குவித்து வைத்தால் தானாகவே சூடேறிப் புகைய ஆரம்பிக்கும். ரயிலில் ஏற்றித் தூரதேசம் அனுப்பினால் பாதிக்குப் பாதி தண்ணீருக்கே வாடகை கொடுத்ததாக ஆகும். அதனால் சுரங்கத்தின் வாயிலேயே மின் நிலையம் வைத்து எரித்தால்தான் கட்டுப்படியாகும். வேறு வழிகளையும் பார்த்தார்கள். லெக்கோ என்ற பெயரில் புகையில்லாத கரிக்கட்டி செய்து வீடுகளுக்கும் டீக்கடைகளுக்கும் விற்றார்கள், யூரியா தயாரித்தார்கள். இரண்டு ஆலைகளும் மூடப்பட்டுவிட்டன. இப்போது லிக்னைட்டிலிருந்து மெத்தனால் என்கிறார்கள். வந்தால் நல்லது, ஆனால் பழைய இரண்டும் ஏன் நிலைக்கவில்லை என்று முதலில் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

ஆக, சுரங்கத்துக்குக் கிட்டத்தட்ட ஒரே வாடிக்கையாளர் பக்கத்திலிருக்கும் அனல்மின் நிலையம். 1962 இல் சோவியத் உதவியோடு ஓடத் தொடங்கிய முதல் அனல்மின் நிலையம் 2020 இல் நிறுத்தப்பட்டது. அதற்குப் பதிலாக ஆயிரம் மெகாவாட் புது நிலையம் வந்தது. மின்சாரத்தின் விலையை மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் செலவுக் கணக்கைப் பார்த்து நிர்ணயிக்கிறது. மாநில மின்வாரியங்கள் வாங்கும்போது எரிபொருள் செலவு குறைந்த நிலையத்துக்கே முதல் இடம் தருகின்றன. பகலில் சூரிய மின்சாரம் பெருகிவிட்ட காலத்தில் அனல் நிலையங்களிடம், மதியம் இறக்கு, மாலையில் ஏற்று என்கிறார்கள். கொதிகலனை அப்படி ஏற்றி இறக்குவதே சிரமம். சுரங்கத்தை ஏற்றி இறக்க வழியே இல்லை. மதியம் கரி வேண்டாம் என்பதற்காகத் தண்ணீர் இறைப்பதை நிறுத்த முடியுமா? வாங்கிய மின்சாரத்துக்கு மின்வாரியங்கள் பணம் தராமல் இழுத்தடித்த ஆண்டுகளும் உண்டு. அப்போதும் டீசலுக்கும் வெடிமருந்துக்கும் சம்பளத்துக்கும் உடனே பணம் கட்டியாக வேண்டியிருந்தது.

வரியும் எடைக்குத்தான் விழுந்தது, வெப்பத்துக்கு அல்ல. 2010 இல் டன்னுக்கு 50 ரூபாய் என்று தொடங்கிய தூய ஆற்றல் தீர்வை 2016 இல் 400 ரூபாய் ஆனது. நல்ல கறுப்பு நிலக்கரிக்கும் அதே 400, பாதி தண்ணீராக இருக்கும் லிக்னைட்டுக்கும் அதே 400. யூனிட்டுக்குக் கணக்குப் போட்டால் லிக்னைட்டுக்கு நாற்பது காசு, கறுப்பு நிலக்கரிக்கு அதைவிட வெகு குறைவு. ஜி.எஸ்.டி. வந்தபோது அந்தத் தீர்வை இழப்பீட்டு வரியாக மாறியது. 2025 செப்டம்பரில்தான் அதை எடுத்துவிட்டு, 5 சதவீத ஜி.எஸ்.டி.யை 18 ஆக்கினார்கள். மதிப்பைப் பார்த்து விழும் வரி மட்டக் கரிக்கு நியாயமானது. பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே அப்படிச் செய்திருக்க வேண்டும்.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய கேள்வி நிலம். சுரங்கம் ஓரிடத்தில் நிற்காது, முன்னால் வெட்டிக்கொண்டும் பின்னால் மூடிக்கொண்டும் நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். முன்னால் நிலம் இல்லையென்றால் இயந்திரம் நின்றுவிடும். முன்னால் இருப்பதோ நெல் வயல். 2023 ஜூலையில் வளையமாதேவி கிராமத்தில் பரவனாற்று மாற்றுக் கால்வாய்க்காக, நின்ற பயிர்மீது இயந்திரங்களை இறக்கியதைத் தொலைக்காட்சியில் பார்த்தபோது என்னால் சாப்பிட முடியவில்லை. நிலம் முன்பே கையகப்படுத்தியதுதான், சட்டப்படி நிறுவனத்துடையதுதான் என்றார்கள். இருக்கட்டும். அறுவடைக்குக் காத்திருக்காத ஒரு நிறுவனத்தை அடுத்த கிராமம் எப்படி நம்பும்? அதே ஆண்டு ஏப்ரலில் வடசேரி, மைக்கேல்பட்டி, சேத்தியாத்தோப்புக்குக் கிழக்கே இருக்கும் பகுதி ஆகிய மூன்று நிலக்கரித் தொகுதிகளையும் ஏலத்திலிருந்து மத்திய அரசு விலக்கிக்கொள்ள வேண்டிவந்தது. டெல்டா மக்கள் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். புதுச்சேரியின் நெற்களஞ்சியமான பாகூருக்கு அடியிலும் லிக்னைட் உண்டு. அங்கே சுரங்கம் வரவில்லை, வரக்கூடாது என்பதுதான் இத்தனை காலம் இந்தத் தொழிலில் சோறு தின்ற என் கருத்தும்.

ஏன் என்றால், நிலத்தைத் திருப்பிக் கொடுப்பது சொல்வதுபோல் எளிதல்ல. ஸ்ப்ரெடர் கொட்டும்போது மண்ணின் வரிசை தலைகீழாகிவிடும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் இலையும் சாணமும் புழுவும் சேர்ந்து உண்டாக்கிய ஒன்றரை அடி மேல்மண் அடியில் போய்விடும். எண்பது மீட்டர் ஆழத்தில் வெயில் படாமல் கிடந்த மண் மேலே வரும். அதில் மழை பெய்தால் தண்ணீர் இறங்காது, வெயில் அடித்தால் ஓடுபோல் காயும். மேல்மண்ணைத் தனியாக எடுத்து வைத்து, கடைசியில் மேலே பரப்பினால்தான் பயிர் வரும். முதல் சுரங்கத்தில் மூடிய பகுதிகளில் மரம் வளர்த்திருக்கிறார்கள், நெல்லும் விளைவித்துக் காட்டியிருக்கிறார்கள். முடியும் என்பதற்கு அது சாட்சி. ஆனால் மேல்மண்ணைத் தனியாக அள்ளுவது செலவு, தனியாகக் காப்பது செலவு, அந்தச் செலவு கரி டன்னில் எதையும் கூட்டாது. உற்பத்தி இலக்கு நெருக்கும் மாதங்களில் முதலில் விட்டுப்போவது அதுதான்.

எங்கள் தெருவில் ரோடியர் மில்லில் வேலை பார்த்த பெரியவர் ஒருவர் இருக்கிறார். ‘தானே’ புயல் அந்த மில்லைச் சேதப்படுத்திய பிறகு அது எழவே இல்லை, 2020 இல் மூடிவிட்டார்கள். அவர் என்னிடம் கேட்டார்: “மில்லைப் பூட்டின மாதிரி சுரங்கத்தையும் பூட்டிட்டுப் போயிடுவாங்களா சார்?”

பூட்ட முடியாது என்பதுதான் பதில். மில்லின் கேட்டைப் பூட்டினால் இயந்திரம் துருப்பிடிக்கும், தொழிலாளி தெருவுக்கு வருவார், அந்தக் கொடுமை அந்த அளவில் நிற்கும். சுரங்கத்தில் பம்பை நிறுத்திய அன்றிலிருந்து அடி நீரின் அழுத்தம் ஏறத் தொடங்கும். குழி நிரம்பும். சரிவுகள் இளகும். சுரங்க நீரை நம்பிப் பயிர் வைத்த வயல்களுக்குத் தண்ணீர் நிற்கும். ஆயிரக்கணக்கான ஒப்பந்தத் தொழிலாளர்களுக்கு வேலை போகும். அவர்களில் பலர் இதே சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பத்துப் பிள்ளைகள். நிறுவனம் ஒடிசாவில் கறுப்பு நிலக்கரிச் சுரங்கம் நடத்துகிறது, ஆயிரம் மெகாவாட்டுக்கு மேல் சூரிய மின்சாரமும் தயாரிக்கிறது. நிறுவனம் பிழைத்துக்கொள்ளும். ஊர் எப்படிப் பிழைக்கும் என்பதைத்தான் யாரும் கணக்குப் போடவில்லை.

2009 இல் மத்திய நிலக்கரி அமைச்சகம், ஒவ்வொரு சுரங்கத்துக்கும் மூடல் திட்டம் வேண்டும், அதற்கான பணத்தை ஆண்டுதோறும் தனிக் கணக்கில் கட்ட வேண்டும் என்று விதித்தது. திறந்தவெளிச் சுரங்கத்துக்கு ஹெக்டேருக்கு 6 லட்சம் ரூபாய் என்று அப்போது வைத்தார்கள், பிறகு உயர்த்தினார்கள். நல்ல விதி. ஆனால் அந்தப் பணம் குழியை மூட, வேலி போட, மரம் நட என்று நினைத்து வைத்தது. மூடிய பிறகும் பல ஆண்டு பம்பு ஓட்ட யார் பணம் கொடுப்பார்கள், மேல்மண் எங்கே இருக்கிறது, நிலம் யாருக்குத் திரும்பிப் போகும், ஒப்பந்தத் தொழிலாளிக்கு என்ன வேலை என்பதற்கெல்லாம் அதில் முழு விடை இல்லை. மூடல் திட்டத்தைப் படித்த ஒருவரைக்கூட நான் சுற்றுக் கிராமங்களில் சந்தித்ததில்லை.

கரி இன்னும் பல ஆண்டுகளுக்கு இருக்கிறது. ஆகவேதான் இப்போதே செய்ய வேண்டும். வருமானம் வந்துகொண்டிருக்கும்போதுதான் மூடும் செலவைச் சேர்க்க முடியும், கடைசி ஆண்டில் கேட்டால் கொடுக்க யாரும் இருக்க மாட்டார்கள். அந்தச் செலவு யூனிட்டுக்குச் சில காசுகளை ஏற்றும் என்றால் ஏற்றட்டும், வாங்குகிற புதுச்சேரிக்காரர்களான நாம் கொடுக்கத்தான் வேண்டும். மூன்று நெய்வேலிச் சுரங்கங்களின் மூடல் திட்டத்தையும் கணக்கையும் தமிழில் அச்சிட்டு, நிலம் கொடுத்த கிராமங்களின் கிராம சபைகளில் வையுங்கள். இதற்குப் புதுச் சட்டம் எதுவும் தேவையில்லை, நிறுவனம் நினைத்தால் அடுத்த கிராம சபைக் கூட்டத்திலேயே வைக்கலாம்.